பன்னிரண்டு சுருதியிலும் ஒரே மாடிப்படி

சங்கதிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் நியூ ஆர்லீன்ஸில் கொசுவுக்கு அடுத்தபடியாக அதிகம் தென்படுவது இவர்கள்தான். கொசுவைப் போலவே காதோரம் வந்து வாசிப்பார்கள். கொசுவைப் போலவே வாசித்ததையே வாசிப்பார்கள். கொசுவையாவது அடிக்கலாம்.

ஜாஸ் வாசிக்கிற எல்லாரையும் சொல்லிவிட்டேன் என்று சண்டைக்கு வராதீர்கள். சங்கதி பழகாமல் யாரும் ஜாஸுக்கு வந்ததில்லை. நாலைந்து சுரம் சேர்ந்த சின்னத் துணுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு சுருதியில் பழகி, அடுத்த சுருதிக்கு நகர்த்தி, பன்னிரண்டு சுருதியிலும் விரல் தானாக ஓடுகிற வரைக்கும் உட்கார்ந்து சாதிப்பது நாங்கள் எல்லாருமே செய்கிற காரியம். குழந்தைகூட, 'பால் வேணும்' என்பதைப் பெரியவர்கள் வாயிலிருந்து பிடித்துக்கொண்டுதானே பேச ஆரம்பிக்கிறது? அதில் குற்றமே இல்லை. ஆனால் அந்தக் குழந்தை ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும், நீங்கள் சௌக்கியமா என்று கேட்டாலும், மழை வருமா என்று கேட்டாலும், 'பால் வேணும்' என்றே பதில் சொன்னால் என்ன செய்வீர்கள்? அவர்தான் நம் சங்கதிக்காரர்.

ஜாஸ் என்றால் அந்த நிமிஷத்தில் தோன்றுவதை அந்த நிமிஷத்திலேயே வாசிப்பது. நம்மவருக்கு அந்த நிமிஷத்தில் ஒன்றும் தோன்றாது. ஆகையால் வீட்டிலேயே தோன்றவைத்துக்கொண்டு வருவார்.

அடையாளம் காண்பது சுலபம். மேடை ஏறியதும் சாக்ஸபோனின் வாயை ஈரப்படுத்திக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, பாட்டு என்னவென்று கேட்காமல் என்ன சுருதி என்று மட்டும் கேட்டு, கேட்டதும் கண்ணை இறுக மூடி, பாட்டு எந்த இடத்தில் திரும்பும் என்று பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி காத்திருந்து, திரும்பியதும் ஏறிக்கொள்வார். பிறகு இறங்கமாட்டார். பாட்டு முடிந்தாலும் கையிலிருக்கிற சங்கதி முடிய வேண்டுமே! முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்து, "டிரம்ஸு கொஞ்சம் ஓடிடுச்சு, கவனிச்சீங்களா?" என்று கேட்பார்.

நான் கவனித்தேன். நான் பாஸ் வாசிப்பவன். ஆளைவிட உயரமான பிடிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்வரிசையில் நிற்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. அவன் எல்லாரையும் பார்க்கலாம்.

எங்கள் பேட்டையின் சங்கதிக்காரர் பெயர் ஒவீட் கிளாபியோன். ஏசி ரிப்பேர் பார்க்கிறவர். ஆகஸ்டு மாதத்தில் எங்கள் ஊரில் பாதிரியாரைவிட அவருக்குத்தான் மரியாதை அதிகம். கம்ப்ரெஸர் முனகுவதைத் தெருவிலிருந்தே கேட்டு, எந்த வீடு, என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட காது! அந்தக் காதை, சாக்ஸபோனைக் கையில் எடுக்கும்போது மட்டும் கழற்றி டூல்ஸ் பெட்டியில் வைத்துவிடுவார். நல்ல மனிதர்தான்.

சங்கதிகளுக்கு அவர் செல்லப்பெயர் வைத்திருந்தார். மூன்று சுரம் ஏறி ஒன்று இறங்கி, மறுபடி மூன்று ஏறுவது 'மாடிப்படி'. ஒரே இடத்தில் கடகடவென்று ஓடுவது 'தையல் மெஷின்'. மேலே போய்த் திடுக்கென்று கீழே விழுவது 'தேங்காய்'. பிரியமெல்லாம் மாடிப்படிமேல்தான். வேலைக்குப் போகிற வீடுகளிலெல்லாம், திருப்புளியை வாயில் கவ்வாத நேரத்தில், மாடிப்படியைச் சீட்டியடிப்பார். டுடு-டாடீ, டுடு-டாடீ, டுடு-டாடீ-டூ. கோடைக்காலம் முடிவதற்குள் அது பேட்டை முழுக்கப் பரவிவிட்டது. ரொட்டிக்கடைக்காரி அதை முணுமுணுத்துக்கொண்டே சில்லறை கொடுப்பாள். எங்கள் ஊர் வழக்கப்படி திங்கட்கிழமை சிவப்பு பீன்ஸ் வேகும்போது அடுப்பங்கரைகளில் அதுதான் கேட்கும். யாரோ வளர்த்த கிளி ஒன்றுகூடக் கற்றுக்கொண்டது. கிளி இரண்டு சுருதியோடு நிறுத்திக்கொண்டது. அதற்கு விவரம் இருந்தது.

ஒருமுறை சவ ஊர்வலத்தில், மெதுவாக நடந்து துதிப்பாட்டு வாசிக்க வேண்டிய இடத்தில், கூட ஓர் ஆள் வேண்டும் என்று இவரையும் சேர்த்துக்கொண்டார்கள். இவர் தையல் மெஷினை ஓட்டிவிட்டார். முகத்தை மூடிய கறுப்பு வலையை விலக்கிக்கொண்டு விதவை திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. செத்தவர் நல்ல காலம், முன்னாலேயே செத்திருந்தார்.

ஒவீட்டின் வீட்டுக்கு அடுத்த வீடு மிஸ் ஒடலி. அடுத்த வீடென்றால், கூரை ஒன்று, நடுவில் ஒரு பலகைச் சுவர். எங்கள் ஊர்வலங்களில் டிரம்பெட் ஊதி வாத்தியக் கோஷ்டியை நடத்துவது அவர்தான். மாடிப்படியைப் பன்னிரண்டு சுருதியிலும் காலை காபியோடு சேர்த்துக் குடித்துக் குடித்து நொந்துபோனவர்.

"அந்த மனுசன்கிட்ட சங்கதி ஆயிரம் இருக்கு, லூசியன்" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். "சொல்றதுக்குத்தான் ஒரு சங்கதியும் இல்ல."

இனி ஒவீட்டின் ஏக்கத்தைச் சொல்லவேண்டும். அவர் மனைவி ஃபிலோமின், பொன்வண்டுப் பெண்கள் சங்கத்தில் முக்கியமான ஆட்டக்காரி. சங்கத்துக்கு வருஷத்தில் ஒரு ஞாயிறு ஊர்வலம். பட்டுச் சட்டையும் தொப்பியும் இறகு விசிறியுமாகப் பெண்கள் ஆடிக்கொண்டு முன்னால் போக, கோஷ்டி வாசித்துக்கொண்டு பின்னால் வர, இரண்டு பக்கமும் நீளக் கயிறு பிடித்தபடி ஆட்கள் நடப்பார்கள். கயிற்றுக்குள்ளே சங்கமும் கோஷ்டியும்; கயிற்றுக்கு வெளியே பாக்கி ஊர். என் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. அதனால் அன்றைக்கு நான் கயிறு பிடிக்கிறவன். வருஷா வருஷம் ஒவீட் கயிற்றோரமாகக் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு, பொண்டாட்டி ஆடுவதை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வருவார். கூட்டம் நெருக்கி அவர் கயிற்றில் சாயும்போது, "தள்ளு, தள்ளு ஒவீட்!" என்று நானே தள்ளியிருக்கிறேன்.

"அவ ஆடணும், நான் வாசிக்கணும், லூசியன். ஒரே ஒரு தடவை" என்பார். "எவன் எவனோ வாசிக்கிறான், என் பொண்டாட்டி ஆடறா. நான் வேர்க்கடலை தின்னுக்கிட்டு வெளிய நடக்கறேன். இது நியாயமா?"

சிரிப்பாக இருக்கிறதா? எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் சொல்லும்போது அவர் கண் கலங்கியதைப் பார்த்தபின் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு சுருதியும் அந்த ஒரு ஞாயிற்றுக்காகத்தான்.

அந்த வருஷம் கோஷ்டியின் சாக்ஸபோன்காரர், மகள் வீட்டோடு இருக்கலாமென்று ஹூஸ்டனுக்குப் போய்விட்டார். இடம் காலி. ஒவீட் மிஸ் ஒடலியின் வாசலில் போய் நின்றார். போகும்போது சும்மா போகவில்லை. அவருடைய ஏசியைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் கேட்டார்.

மிஸ் ஒடலி குளிர்காற்றில் கொஞ்சநேரம் யோசித்தார். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீலக் கொக்குக்கு வா. நாலுக்கு நாலு வாசிப்போம். பேச வந்தா சரி, ஒப்பிக்க வந்தா வீட்டுக்குப் போ."

நீலக் கொக்கு எங்கள் பேட்டையின் மதுக்கடை. மூலையில் சின்ன மேடை உண்டு. நாலுக்கு நாலு என்றால், ஓர் ஆள் நாலு தாளவட்டம் வாசித்து நிறுத்த, அடுத்த ஆள் நாலு வட்டத்தில் அதற்குப் பதில் சொல்லவேண்டும். அவர் திரும்பக் கேட்பார், நீங்கள் திரும்பச் சொல்வீர்கள். பேச்சுதான் அது, வாத்தியத்தில். எதிராளி என்ன சொன்னான் என்று காது கொடுத்தால்தான் நடக்கும்.

ஒவீட் அந்த வாரம் முழுக்கப் பதில்களைத் தயார் செய்தார். கேள்வி தெரியாத பதில்கள். சங்கதிக்காரருக்கு அது ஒரு குறையாகவே படாது.

ஞாயிறு மத்தியானம் கடை நிரம்பி வழிந்தது. ஃபிலோமின் முன்வரிசையில், புது விசிறிக்கு இறகு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால் பாஸோடு நின்றேன். டிரம்ஸில் கோஷ்டியின் அரைப்படி உட்கார்ந்தான். ஆள் குள்ளம், அதனால் அந்தப் பெயர். குறும்பு மட்டும் முழுப்படி.

"என்ன ராசா, பயமா?" என்றான் அரைப்படி.

"எனக்கென்ன பயம்? எந்தச் சுருதின்னு மட்டும் சொல்லு."

"சொல்லமாட்டேன். கேட்டுக்கோ."

மிஸ் ஒடலி மெதுவான ஒரு புளூஸ் பாட்டை ஆரம்பித்தார். இரண்டு சுற்று போனது. பிறகு விரலால் நாலு காட்டினார். முதல் நாலு அரைப்படிக்கு. படுபாவி என்ன செய்தான் தெரியுமா? குச்சியால், தோலில், மாடிப்படியை வாசித்தான். டுடு-டாடீ, டுடு-டாடீ, டுடு-டாடீ-டூ. சுரமே இல்லாத வாத்தியத்தில் அத்தனை துல்லியம். கடை மொத்தமும் உடனே அதை வாயால் பாடியது. ரொட்டிக்கடைக்காரி மேஜையில் தட்டினாள்.

ஒவீட் கண்ணைத் திறந்தார். அவர் எடுத்துவைத்திருந்த பதிலும் அதுதான்! சமாளித்துக்கொண்டு தேங்காயை விழவைத்தார்; அது பாதியிலேயே தொங்கியது. அடுத்த நாலு மிஸ் ஒடலிக்கு. அவர் டிரம்பெட்டை ஒவீட் பக்கமாகத் திருப்பி, நிதானமாகத் தையல் மெஷினை ஓட்டினார். பலகைச் சுவரின் வழியாக வருஷக்கணக்காகக் கேட்டவருக்கு வராதா? கடையில் ஒரே சிரிப்பு.

மறுபடி ஒவீட்டின் முறை. சாக்ஸபோனை வாயில் வைத்தார். வைத்தவர் வைத்தபடியே நின்றார். மாடிப்படியைத் தூக்கிப்போய்விட்டார்கள், மெஷினைத் தூக்கிப்போய்விட்டார்கள், தேங்காயும் போச்சு. ஒரு வட்டம் போனது. இரண்டாவது போனது. நெற்றி வியர்வை மூக்கில் வழிந்தது.

"சொல்லு கண்ணு!" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கத்தினார். "எதையாவது சொல்லு!"

ஃபிலோமின் சிரிக்கவில்லை. இறகை மடியில் போட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, வாசலுக்கு மேலே மாட்டியிருந்த பழைய ஏசி இருமியது. க்ர்ர்ர்... டொக். டொக்.

ஒவீட்டின் தலை சடாரென்று திரும்பியது. தொழில்காரன் காது! டூல்ஸ் பெட்டியில் கிடந்த அந்தக் காது முதல்முறையாக மேடை ஏறியது. அவர் ஏசியைப் பார்த்தார். பிறகு, நோயாளியிடம் 'எங்கே வலிக்குது?' என்று கேட்கிற தோரணையில், சாக்ஸபோனின் அடித்தொண்டையில் திருப்பிக் கேட்டார்: க்ர்ர்ர்... டொக். டொக்?

கடையின் கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. அரைப்படி சிரித்த சிரிப்பில் ஒரு குச்சியைத் தவறவிட்டான். மிச்சக் குச்சியால் டொக் என்றான். ஒவீட் உடனே இரண்டு டொக் என்றார். மிஸ் ஒடலி டிரம்பெட்டுக்கு மூடி போட்டு இருமினார். ஒவீட் அதற்கு ஆறுதல் சொன்னார், அதட்டினார், கேஸ் தீர்ந்துபோச்சு என்று நீளமாக ஓர் ஒப்பாரி வைத்தார். கண் திறந்தே இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு நல்ல வாசிப்பை நீலக் கொக்கில் நான் அதற்கு முன் கேட்டதில்லை. நானும் ஏதோ பதில் சொன்னேன்.

முடிந்ததும் மிஸ் ஒடலி அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தார். "கயித்துக்கு உள்ள வா, ஒவீட்."

ஒவீட் அழுதுவிட்டார். அழுதுகொண்டே ஸ்டூல் போட்டு ஏறி ஏசியையும் சரிசெய்தார். நல்ல மனிதர்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் நான் சொல்லிக்கொண்டிருப்பது சங்கதிக்காரரைப் பற்றி. திங்கட்கிழமை காலை மிஸ் ஒடலி எனக்குப் போன் செய்தார்.

"லூசியன், காதைக் கொடு" என்று போனைப் பலகைச் சுவரோடு வைத்தார்.

அந்தப் பக்கத்திலிருந்து வந்தது: க்ர்ர்ர்... டொக். டொக். அரை சுருதி மேலே: க்ர்ர்ர்... டொக். டொக். இன்னும் அரை சுருதி மேலே.

"பன்னெண்டும்" என்றார் மிஸ் ஒடலி. அழுவதா சிரிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை. "பேர் வேற வெச்சாச்சாம். 'ஏசி'யாம்."

கொடுத்த வாக்கை மாற்ற முடியுமா? ஊர்வல ஞாயிறு வந்தது. பொன்வண்டுப் பெண்கள் ஆரஞ்சுப் பட்டில் தெருவை அடைத்துக்கொண்டு வந்தார்கள். ஒவீட், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் கோஷ்டித் தொப்பியுமாக, கயிற்றுக்குள்ளே! நான் கயிறு பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன். முதல் தெருமுனையில் 'ஏசி' வாசித்தார், கூட்டம் அலறியது. இரண்டாம் முனையில் வாசித்தார், கைதட்டினார்கள். அதற்கப்புறம் பாலத்தடியில், சலூன் வாசலில், சர்ச் வாசலில், எங்கே பாட்டு திரும்பினாலும் க்ர்ர்ர்... டொக். டொக். கூட்டம் பீர் வாங்கப் போயிற்று.

கோஷ்டி நின்று வாசிக்கும் இடம் ஒன்று உண்டு, நீலக் கொக்கின் வாசலில். அங்கே ஃபிலோமின் வரிசையை விட்டு விலகி, திரும்பி, புருஷனுக்கு நேர் எதிரே வந்து நின்றாள். விசிறியை விரித்தாள். பிறகு ஆடினாள் பாருங்கள், அப்படி ஓர் ஆட்டத்தை அவள் எந்த வருஷமும் ஆடியதில்லை. முழங்கால் மடிந்து தரையைத் தொட்டு எழுந்தது. விசிறி ஒரு பக்கம் கேட்டது, இடுப்பு மறுபக்கம் இழுத்தது. கடைசியில் ஒற்றைக்காலில் நின்று, விசிறியை மெல்ல மூடி, மோவாயை உயர்த்தினாள். 'ம்? நீ என்ன சொல்றே?' என்று அதற்கு அர்த்தம். தெரு முழுக்க அது விளங்கிற்று. கயிறு பிடித்த எனக்கே விளங்கிற்று.

ஒவீட் கண்ணை இறுக மூடிக்கொண்டு, 'க்ர்ர்ர்... டொக். டொக்' என்றார்.

ஃபிலோமின் காலைக் கீழே வைத்தாள். இரண்டடி முன்னால் வந்து, மூடிய விசிறியால் அவர் தொப்பியில் ஒரு தட்டு. ஒவீட் கண்ணைத் திறந்தார்.

"என்னாச்சு?"

"ஆடினேனே. பாத்தியா?"

அவர் என்னைப் பார்த்தார், அரைப்படியைப் பார்த்தார், மிஸ் ஒடலியைப் பார்த்தார். சாக்ஸபோனில் இருந்த கை தளர்ந்து இறங்கியது.

"இன்னொரு தடவை ஆடேன், ஃபிலோ."

"அது போயிடுச்சு ஒவீட்" என்றாள் அவள். "அது உனக்கு ஆடினது. மறுபடி மறுபடி வர்றதுக்கு நான் என்ன மாடிப்படியா?"

சொல்லிவிட்டு வரிசைக்குப் போய்விட்டாள். கோஷ்டி நகர்ந்தது. மிச்ச வழி முழுக்க ஒவீட் கண்ணை மூடவில்லை. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தார். வாசிக்கவும் இல்லை. எங்கேயோ ஓரிடத்தில் ஒற்றைச் சுரம் ஒன்று, தயங்கித் தயங்கி, பெயர் வைக்காத சுரம், மன்னிப்புக் கேட்கிற மாதிரி வந்தது. ஃபிலோமின் திரும்பவில்லை. ஆனால் விசிறி பாதி விரிந்தது. அந்தச் சுரத்தையும் அவர் திங்கட்கிழமை பன்னிரண்டு சுருதியில் பழகிவிடுவாரோ என்று எனக்கு இன்னமும் பயம்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கு சாக்ஸபோன் வாசிக்கத் தெரியாது, ஆகையால் தப்பித்தீர்கள் என்று நினைப்பு. கல்யாண வீட்டுக்குப் போனால் "சாப்பாடு பிரமாதம்", துக்க வீட்டுக்குப் போனால் "நம்ம கையில என்ன இருக்கு", கஷ்டம் என்று வந்தவரிடம் "எல்லாம் சரியாயிடும்", கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் வீட்டில் "ம்ம்... அப்படியா... பாத்துக்கலாம்". இவையெல்லாம் என்ன? அந்தந்தச் சுருதிக்கு ஏற்றபடி இறக்கவும் ஏற்றவும்கூடப் பழகியிருக்கிறீர்களே!

போகட்டும், ஒன்றே ஒன்று கேட்கிறேன். நேற்று உங்கள் வீட்டில் ஒருவர் உங்கள் முன்னால் வந்து நின்று ஏதோ சொன்னார். நீங்களும் "அப்படியா" என்றீர்கள். அவர் சொன்னது என்ன?